கதிரைகளைச் சுவரோரம் வைத்தோம்

இஞ்சாருங்கோ,

அப்பாடா, முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் ஆறுதலாகச் சொல்கிறேன், முதலில் நீங்கள் மூச்சை விடுங்கள். நானும் நேற்றுத்தான் விட்டேன்.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொன்னதில்லை. இப்போது கடிதத்தில் மட்டும் "அன்புள்ள" என்று தொடங்கினால், யாரோ வங்கிக்காரன் எழுதுகிறான் என்று உடைக்காமலே மேசையில் போட்டுவிடுவீர்கள்.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கே என் தம்பி குகன் கேட்டான், "அக்கா, அத்தானைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று. பேனையைப் பிடித்தால் ஒரு வரியும் வரவில்லை. இப்போது, நேற்று நடந்ததையும் சேர்த்து அச்சடிக்கப் போகிற ஆண்டு மலருக்குக் கேட்கிறான். இந்தமுறை யோசிக்காமல் ஓம் என்றேன். உங்களைத் தெரியாத சனமும் வாசிக்கும், அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் இடையிடையே எழுதுவேன். "எனக்கே சொல்லுறீரோ?" என்று கேட்கக் கூடாது.

நீங்கள் ஊரிலே, குருநகரில், கோயில் திருநாளுக்கும் கல்யாண வீட்டுக்கும் அக்கோர்டியன் வாசித்தவர். பாரிசுக்கு வந்து ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு உயர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் பேக்கரியில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவில் சதுரமான ஒரு குட்டி அக்கோர்டியனைக் கண்டீர்கள். வலதுபக்கத்தில் பத்துப் பொத்தான். ஒரே பொத்தான், பெட்டியை அமத்தினால் ஒரு சத்தம், இழுத்தால் வேறொரு சத்தம். "இதை வாங்கினா சனிக்கிழமை எங்கட ஆட்டத்துக்கு வரவேணும்" என்று கொண்டிசன் போட்டுத்தான் விற்றார் ஃபிடில்காரர் பத்ரிக். அந்த ஆள் அன்றைக்கு வேறு ஏதாவது விற்றிருந்தால் என் சீவியம் எப்படிப் போயிருக்குமோ தெரியாது.

அது கேஜன் பெட்டி. கேஜன் என்பது அமெரிக்காவில் லூசியானாவில் பிரெஞ்சு பேசுகிற ஒரு சனம். அவர்களுடைய முன்னோரை ஆங்கிலேயர் வடக்கே இருந்த ஊரிலிருந்து கப்பலேற்றிக் கலைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கிழமை முழுக்க வயலிலும் ஆற்றிலும் பாடுபட்டு, சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் கூடி ஆடினார்கள். ஒரு பெட்டி, ஒரு ஃபிடில், கையில் பிடித்துத் தட்டுகிற முக்கோணக் கம்பி ஒன்று. சோடியாகச் சுற்றி ஆட ஒரு வால்ஸ், பிறகு விறுவிறென்று ஒரு டூ-ஸ்டெப், பிறகு திரும்பவும் வால்ஸ். கதிரையெல்லாம் சுவரோரம், நடுவில் வெறும் நிலம். தளத்தில் ஒரு சோடி ஆடிக்கொண்டு நின்றாலும் வாசிக்கிறவன் நிறுத்தக் கூடாது. இதை நீங்கள் எனக்குச் சொன்ன தடவைகளை எண்ணவே ஏலாது.

உங்கள் பிரெஞ்சைக் கேட்டு அலுவலகங்களில் எத்தனை பேர் முகத்தைச் சுளித்தார்கள்! தொண்டைக்குள் காறுகிற அந்த 'ர' உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. நாக்கு நுனியில் நம்மைப் போலத்தான் உருட்டினீர்கள். ஒருநாள் லூசியானாவிலிருந்து வந்த ஒரு கிழவர் நீங்கள் பாடினதைக் கேட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய அப்பாவும் இப்படித்தான் பேசுவார் என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் போட்ட கூத்து! "பாரும் ரஞ்சி, பிழையாக் கதைக்கேல்லை நான். பிழையான ஊரிலை கதைச்சிருக்கிறன்."

மகள் அனித்தா குழந்தையாக இருந்தபோது மண்டபத்துப் பக்க அறையில் கோட்டுகளுக்கு நடுவே நித்திரையாக்குவோம். லூசியானாவிலும் பிள்ளைகளை அப்படித்தான் படுக்க வைத்துவிட்டு ஆடுவார்களாம் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். ஆடுவார்களாம்! நான் எங்கே ஆடினேன்? வாசிக்கிறவனுடைய மனிசிக்கு ஆட்டம் கிடையாது. ஊரெல்லாம் என் புருஷனுடைய பாட்டுக்கு ஆடும். நான் மேடைக்குப் பக்கத்தில் எல்லாருடைய கைப்பையையும் காவி மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள்தான். எனக்கு உங்களோடுதான் ஆட வேண்டும். நீங்களோ இறங்க மாட்டீர்கள். இறங்கினால் சனம் நின்றுவிடுமாம்.

எங்கள் சனம் அந்தப் பக்கமே வந்ததில்லை. "உங்கட அவர் இன்னும் அந்த வெள்ளைக்காரன்ர கூத்துக்குப் போறவரோ?" என்று கடையில் அரிசி வாங்கும்போது கேட்பார்கள். ஒரு பொங்கல் விழாவில் குகன் உங்களுக்குப் பத்து நிமிஷம் வாங்கித் தந்தான், ஞாபகமா? பரதநாட்டியத்துக்கும் பேச்சுக்கும் நடுவில். எல்லாரும் கதிரையில் இருந்து மரியாதையாகக் கைதட்டினார்கள். முன்வரிசைச் சரசு அன்ரி, "தம்பி, இதிலை சினிமாப் பாட்டும் வாசிப்பீரோ?" என்று கேட்டா. "இந்தப் பெட்டிக்குள்ளை அரைவாசிச் சுரம் இல்லையம்மா" என்று நீங்கள் சொல்ல, "அப்ப ஏன் தம்பி அரைகுறைச் சாமானை வாங்கினனீர்?" என்றா. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ரயிலில் கார்ஜில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் அந்த வாக்கைத் தந்தீர்கள். "எங்கட சனம் ஒருநாள் எழும்பி ஆடட்டும் ரஞ்சி. அண்டைக்குப் பெட்டியை மூடிப்போட்டு இறங்கி வந்து உம்மோட ஒரு வால்ஸ் ஆடுறன்." அப்படியென்றால் எனக்கு இந்தச் சென்மத்தில் ஆட்டம் இல்லை என்று நினைத்தேன். சொல்லவும் சொன்னேன்.

பிறகு, ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்துபோன 2009 வைகாசி வந்தது. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்ற முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. பத்ரிக் தொலைபேசி எடுத்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது "ஏலாது" என்று ஒரே சொல்லில் முடித்தீர்கள். பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. மாதக்கணக்கில் அது இறங்கவில்லை.

ஒருநாள் நான் வேலையால் வர, குசினிக்குள்ளிருந்து ஒரு வால்ஸ் கேட்டது. நிலத்தில் குந்தியிருந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கால் தன்பாட்டில் தாளம் போட்டது. "உந்தச் சனமும் வீடு வாசலைத் துலைச்சுப்போட்டு வந்ததுகள்தானே ரஞ்சி. பாட்டெல்லாம் செத்ததும் பிரிஞ்சதும்தான். ஆனா அந்தப் பாட்டுக்குத்தான் ஆடுதுகள். அழுதுகொண்டு ஆடலாம் எண்டதை நான் உதுகளிட்டைத்தான் கண்டனான்." அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு நம் வீட்டில் குசினி வால்ஸ் என்று பெயர்.

ஆஸ்பத்திரியில் மூச்சு முட்ட முட்ட நீங்கள் கேட்டதும் இதைத்தான். "ஆண்டு நினைவுக்குப் பேச்சு, மௌனம் எல்லாம் வேண்டாம். ஒரு ஆட்டம் வையும். எங்கட சனத்தையும் கூப்பிடும். அழ வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அழுதுகொண்டு ஆடட்டும்." நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் நீங்கள் நிலாவைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சொல்லிவிட்டேன், சரி. செய்வது எப்படி? செத்தவருடைய ஆண்டு நினைவுக்கு ஆட்டமாம், அதையும் அவருடைய மனிசியே வைக்கிறாவாம்! குகன் பேயறைந்த மாதிரிப் பார்த்தான். லா கூர்னெவ்வில் இருக்கிற உங்கள் அக்கா பிலோமினா மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்க முன்னம் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். உங்கள் அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

"விசரோ உனக்கு? தவக்காலத்திலை ஆட்டமோ? விபூதிப் புதனோட அவனே பெட்டியைக் கட்டி வைக்கிறவன்!"

மச்சாள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நீங்கள் பெட்டியைத் தொட மாட்டீர்கள். லூசியானாவிலும் அந்தக் காலத்தில் தவக்காலம் வந்தால் ஆட்ட மண்டபங்களைப் பூட்டிவிடுவார்களாம். நீங்கள் போனதும் தவக்காலத்தில், ஆண்டு வந்து நின்றதும் தவக்காலத்தில். "அப்ப உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச அடுத்த ஞாயிறு வைப்பம் மச்சாள்" என்றேன். மச்சாள் டப்பென்று தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை, வருவாரா மாட்டாரா என்றுகூடத் தெரியாது.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். எங்கள் சனம் வந்து, இருந்து, கைதட்டி, சாப்பிட்டுப் போய்விட்டால்? உங்களுடைய அத்தனை சனிக்கிழமையும் அவர்களுக்கு ஒரு பகிடிக் கதையாகவே முடிந்துவிடும். அதற்கு நானே விழா எடுத்த மாதிரி ஆகிவிடும்.

மண்டப வேலையைக் குகனிடம் விட்டிருந்தேன். லாச்சப்பலில் எத்தனை விழா நடத்தினவன், இது தெரியாதா என்று நினைத்தேன். பூசை முடிந்து நானும் அனித்தாவும் மத்தியானம் போல மண்டபத்துக்குள் கால் வைத்தால், ஐயோ கடவுளே! சுவருக்குச் சுவர் கதிரை. வரிசை வரிசையாக, மேடையைப் பார்த்தபடி. ஒரு பூனை நுழைய இடமில்லை. மேடையில் குத்துவிளக்கு, மாலை போட்ட உங்கள் படம், பேச்சாளர்களுக்கு ஒலிவாங்கி.

"வடிவா அடுக்கியிருக்கிறன் என்ன அக்கா? ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை" என்றான்.

"எடேய் குகன், சனம் எங்கையடா ஆடுறது?"

"ஏன், மேடையிலைதான். எங்கட பிள்ளையள் ஆடுற மாதிரி." அவன் பகிடி விடவில்லை. ஆட்டம் என்றால் மேடையில் இரண்டு பேர் ஆட, மிச்சப் பேர் இருந்து பார்ப்பது என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். வேறு எதைக் கண்டான், பாவம்!

"மமோ, சே பா பொசிப்ள்! அம்மா, இப்பிடியும் நடக்குமோ?" என்று அனித்தா தலையில் கை வைத்தாள். கதிரைகளை எடுக்கவும் வழியில்லை. வெள்ளைச் சட்டையும் சேலையுமாக எங்கள் சனம் ஏற்கெனவே வந்து இருந்துவிட்டது. உங்கள் பழைய ஆட்டக்காரர்கள் பையில் ஆடுகிற சப்பாத்தோடு வாசலில் நின்று முழித்தார்கள். பிறகு அவர்களும் மரியாதைக்குப் பின்வரிசையில் போய் இருந்தார்கள். மச்சாள் வந்திருந்தார். நாலாவது வரிசையில், வெள்ளைச் சேலையில், சேசுவே என்று என்னைப் பார்க்காமலே இருந்தார்.

பேச்சு நடந்தது. நீங்கள் வேண்டாம் என்ற மௌனமும் நடந்தது. பிறகு பத்ரிக் ஃபிடிலோடு ஏறினார். உங்கள் பெட்டியை வாசிக்க நாந்த் நகரத்திலிருந்து யார் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒடில்! ஒவ்வொரு வருஷமும் "அவள் தாளத்தை விட்டு ஓடுறாள், சனத்துக்கு மூச்சு வாங்குது" என்று நீங்கள் சண்டை பிடிக்கிற அதே ஒடில். உங்கள் படத்தைப் பார்த்து, "இண்டைக்காவது ஆறுதலா வாசிக்கிறன், ஏசாதையும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத்தான் பெட்டியை எடுத்தாள்.

முதல் டூ-ஸ்டெப். ஒருவரும் அசையவில்லை, முடிய எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தது ஒரு வால்ஸ், அதற்கும் கைதட்டு. சரசு அன்ரி பக்கத்து ஆளிடம் "நல்லாத்தான் வாசிக்கினம்" என்றது எனக்குக் கேட்டது. பத்ரிக் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். பின்னால் சாப்பாட்டு மேசையில் இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸ் தட்டுகளைத் திறக்கிற சத்தம் வந்தது. முடிந்தது, பொங்கல் விழாவேதான் என்று நினைத்தேன். உங்கள் மேல்கூடக் கோபம் வந்தது. போகிற நேரத்தில் என்னிடம் ஏன் இப்படி ஒரு வேலையைத் தந்துவிட்டுப் போனீர்கள்?

அப்போது ஒடில் குசினி வால்ஸைத் தொடங்கினாள்.

நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று கேட்டால் தெரியாது, இருக்க முடியவில்லை. என் கதிரையை டக்கென்று மடித்தேன். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. குகன் ஓடி வந்து, "என்னக்கா, ஏலாமல் இருக்கோ? தண்ணி தரட்டோ?" என்றான்.

"தண்ணி வேண்டாம். இடம் வேணும். ஆடப் போறன்."

கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாத்திவிட்டுத் திரும்பினேன். அத்தனை சனமும் என்னையே பார்த்தது. புருஷன் செத்து வருஷம்தான், அதற்குள் ஆடப் போறாவாம்! ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பாட்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பவும் தொடங்கியது. நான் தனியாகச் சுவரோரம் நின்றேன்.

டக்.

நாலாவது வரிசை. பிலோமினா மச்சாள் தன் கதிரையை மடித்துக் கையில் தூக்கியிருந்தார். பக்கத்தில் இருந்த சரசு அன்ரியைப் பார்த்து, "எழும்புங்கோவன், என்ன படமே ஓடுது?" என்று ஒரு அதட்டு. அவ்வளவுதான். டக், டக், டக் என்று வரிசை வரிசையாகச் சத்தம். பின்னால் இருந்த ஆட்டக்காரர்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரிப் பாய்ந்து வந்து கதிரைகளைக் கைமாற்றினார்கள். தான் அடுக்கின கதிரைகளைக் குகனே நாலு நாலாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். நடுவில் நிலம் தெரிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மச்சாள் நேரே என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

"வா. அவன் உனக்கு ஆடித் தரேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் ஆடித் தாறன்."

"மச்சாள், உங்களுக்கு வால்ஸ் தெரியுமோ?"

"எடியே, குருநகரிலை அவன் முதல்முதல் பெட்டி வாசிக்கேக்கை ஆடினது ஆர் எண்டு நினைச்சாய்? என்ரை மனுசன் செத்த பிறகுதான் விட்டனான். பொம்பிளை தனிச்சுப் போனா ஆர் ஆர் என்னென்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியாதே? அதுதான் உன்னையும் மறிச்சனான்." மூக்கை உறிஞ்சினார். "இனி என்னத்தைச் சொல்லுறது, சொல்லட்டும். காலைப் பார்க்காதை, என்ரை முகத்தைப் பார்."

ஆடினோம். இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் ஆடினோம், நீங்கள் சொன்ன மாதிரியே. மச்சாள் என் காலை மிதித்தார், நான் அவருடைய காலை மிதித்தேன். உங்கள் அக்காவுக்கு உங்கள் சிரிப்பு என்று நேற்றுத்தான் கண்டேன். எங்களைச் சுற்றி எங்கள் சனம்! குகன் அனித்தாவோடு. லாச்சப்பலில் ரூ பெர்தொனே நகைக்கடைக்காரர் தன் மனிசியோடு, கல்யாண வீட்டு பைலா ஆட்டத்தை வால்ஸுக்குள் கலந்து. சரசு அன்ரி ஒரு பிரெஞ்சுக் கிழவரோடு! "ஒரே பாட்டையே சுத்திச் சுத்தி வாசிக்கினம், ஆனால் கால் நிக்குதில்லைப் பிள்ளை" என்று என்னைக் கடந்து போகும்போது சொன்னா.

தளத்தை விட்டு ஒருவரும் போகவில்லை, அதனால் ஒடிலும் நிறுத்தவில்லை. உங்கள் சட்டம்தானே. அந்த ஒரு வால்ஸ் எவ்வளவு நேரம் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒடிலுக்குக் கை நோவெடுத்து முகம் சிவந்துபோனது, ஆனால் ஒரு இடத்திலும் ஓடவில்லை. நான் சாட்சி.

ரோல்ஸ் ஆறிப்போய்விட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை. எங்கள் சனம் சாப்பாடு ஆறினதற்குக் குறை சொல்லாமல் வீட்டுக்குப் போன நாளை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

எல்லாரும் போன பிறகு உங்கள் பெட்டியின் இரண்டு சின்னத் தோல்வாரையும் நான்தான் பூட்டினேன். நீங்கள் பூட்டுகிற மாதிரி, கீழ் வாரை முதலில். இத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கிவிட்டது. இஞ்சாருங்கோ, எங்கள் சனம் எழும்பி ஆடிவிட்டது. பெட்டியையும் மூடியாயிற்று. இனி நீங்கள் மேடையை விட்டு இறங்கலாம்.

அடுத்த வருஷத்துக்கும் அதே மண்டபத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன், உயிர்த்த ஞாயிறு கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. நான் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் நடக்கும். கதிரைகளைச் சுவரோரம்தான் அடுக்குவேன் என்று குகன் மச்சாளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

இன்னும் ஒன்று. மச்சாள் ஆடித் தந்தது மச்சாளுடைய வால்ஸ். அதைக் காட்டி நீங்கள் தப்ப முடியாது. உங்களுடையது அப்படியே இருக்கிறது, அதை வாங்கத்தான் நான் உங்களிடம் வருவேன். அதுவரைக்கும் வேறு எந்த ஆம்பிளையோடும் வால்ஸ் ஆட மாட்டேன், இது சத்தியம். டூ-ஸ்டெப் ஆடுவேன். அதற்கு நீங்கள் கோபிக்கக் கூடாது.

இப்படிக்கு,
இனிக் கைப்பை காவ மாட்டாத உங்கள் மனிசி,
ரஞ்சி